சம்மந்திக்கு மொகம் காட்டப் போனேன்

ஏப்பா, உக்காருங்கப்பா. உக்காருங்க, உக்காருங்க. அந்தக் கம்பிக் கதவ எம்புட்டு நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னாலும் அது தொறக்காது. நானும் மொத நாளு பிடிச்சுக்கிட்டு நின்னவந்தேன். பேச்ச நிப்பாட்டுங்க. யம்மா, அந்தப் பச்சச் சேல, ஒன்னயத்தேன் தாயி, போன வையி. “உள்ள வந்துட்டேன், உள்ள வந்துட்டேன்”ன்டு எத்தன பேருக்குச் சொல்லுவ? உள்ள வர்றது யாரு வேணாலும் வரலாம். வெளிய போயிட்டுப் போனப் போட்டுச் சொல்லு, நான் கையத் தட்டுறேன்.

தள்ளி உக்காருங்க. தரையில வட்டம் போட்டிருக்குல்ல, ஆளுக்கு ஒரு வட்டம். புருசன் பொண்டாட்டின்னாலும் ஆளுக்கு ஒரு வட்டந்தேன். பதினெட்டு வருசமா “நெருங்கி உக்காருங்க, நெருங்கி உக்காருங்க, இன்னும் ஒரு ஆளு உக்காரலாம்”ன்டு கத்துன வாயி இது. மினிபஸ் கண்டக்டரு. எம் பேரு ஒச்சப்பன். மூணு பேரு சீட்டுல அஞ்சு பேர உக்கார வச்சு, அஞ்சாவது ஆளு மடியில ஒரு கோழியையும் உக்கார வச்சவன், இன்னைக்குத் “தள்ளி உக்காரு, தள்ளி உக்காரு”ங்குறேன் பாத்துக்கங்க.

சிஸ்டரம்மாதேன் சொல்லச் சொல்லுச்சு. எஸ்தர் சிஸ்டரு. நாகர்கோயிலு பக்கம். அது பேசுறத நீங்க கேக்கணுமே. இந்தா, இப்பிடித்தேன் இடுப்புல கைய வச்சுக்கிட்டு, “நீங்க சும்மா கெடந்து கத அடிக்கியளே, புதுசா வாற ஆளுவளுக்கு ரூல்ஸச் சொல்லிக் குடுங்க. கோமாளித்தனம் பண்ணப்பிடாது, கேட்டியளா?”

சிரிக்காதீங்க. உள்ள காதுல விழுந்துச்சுன்னா வந்துரும்.

சரி, சட்டத்துக்கு வாரேன். இது புதுக் காய்ச்சல் வார்டு. ஒரு நோயாளிக்கு ஒரு ஆளு. உள்ள வந்த ஆளு, நோயாளி வீட்டுக்குப் போற வரைக்கும் இங்கயே கெடக்கணும். நடுவுல ஆளு மாத்த முடியாது. டீ குடிச்சிட்டு வாரேன், வெத்தல வாங்கிட்டு வாரேன், குளிச்சிட்டு வாரேன், அதெல்லாம் கெடையாது. வாசல்ல நோட்டுல பேர எழுதிட்டாங்கன்னா எழுதுனதுதேன்.

இதெல்லாம் வெளிய போர்டுல எழுதியிருக்கு. மஞ்ச போர்டு. ஆளு ஒசரம் இருக்கும். படிக்காமயா வந்தேங்குறீங்களா? நான் மூணாப்பு. அதோட அன்னைக்கு நான் அந்த போர்டுமேலதான் சாஞ்சுக்கிட்டு நின்னேன். முதுகாலயா படிக்க முடியும்?

அஞ்சு நிமிசத்துக்குன்டு வந்தேன்யா. சாமி சத்தியமா அஞ்சே நிமிசம். இன்னைக்கு ஒம்போதாவது நாளு.

அந்தா, கதவோரக் கட்டில்ல ஒருத்தரு கண்ண மூடிக்கிட்டுக் கெடக்காருல்ல, வெள்ள பனியன், பெரிய ஒடம்பு. எங்க சம்மந்தி. காசிமாயன். ஈபியில லைன்மேனா இருந்து ரிட்டேரானவரு. எம் மக இந்துமதி அவரு வீட்டுலதேன் வாக்கப்பட்டிருக்கு. தூங்கல அவரு. தூங்குற மாதிரி கெடக்காரு. எனக்குத் தெரியாதா, பகலு பூராம் அந்த மொகத்தத்தேன பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். பேச மாட்டாரு. ஒரு வார்த்த பேசுனா மீட்டர்ல ஒரு யூனிட்டு ஓடிருமோன்டு பயம். பேசுறதுக்கு முன்னாடி ஒரு கனைப்பு வேற. “ம்க்கும்.” அம்புட்டுத்தேன், அதுக்கு மேல ஒண்ணும் வராது. “ம்க்கும்… சரி.” “ம்க்கும்… பாப்போம்.” கல்யாணப் பேச்சு முழுக்க அந்த ரெண்டு கனைப்புலயே முடிச்சுட்டாருன்னாப் பாருங்களேன்.

எனக்கு ஒத்த மக. மாசமா இருக்கா. தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பொறந்த வீட்டுக்குத்தேன வரணும்? ஒங்க ஊருலயும் அதானங்க? நல்ல நாளாப் பாத்து, ஏழு வகச் சோறு ஆக்கி, வேன் பிடிச்சுப் போயி வளைகாப்புப் போட்டோம். அன்னைக்கே கையோட கூப்புட்டு வந்துரணும். வேன்ல முன்னாடி சீட்ட அவளுக்குன்டு ஒதுக்கி, தலகாணியெல்லாம் போட்டு வச்சிருந்தேன். வளையல் போட்டாச்சு, சாப்புட்டாச்சு, கெளம்புற நேரம் இந்த மனுசன் வாசல்ல வந்து நிக்கிறாரு. “ம்க்கும். பிள்ளைக்கு அசதியா இருக்கு. அப்பறமா அனுப்புறோம்.”

அப்பறமான்னா எப்ப? கேட்டேன். “ம்க்கும். பாப்போம்.”

வெறும் சீட்டு, வெறும் தலகாணி. எம் பொண்டாட்டி ராக்கம்மா அந்தத் தலகாணியத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு வந்தா ஊரு வர்ற வரைக்கும். ஒரு பேச்சு இல்ல. அவ எப்பவுமே அப்பிடித்தேன். கல்யாணம் ஆன புதுசுல நல்லாப் பேசுவா, சண்டையெல்லாம் போடுவா. நான் அத அப்பிடியே கொண்டு போயி டீக்கடையில செஞ்சு காட்டுவேன், கட பூராம் உருளும். போகப் போகப் பேச்சக் கொறச்சுக்கிட்டா. பொம்பளைக்கு அடக்கம் வந்துருச்சு. நல்ல கொணம்.

எதுக்கு அனுப்பலன்டு எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமில்ல. வளைகாப்புல எதுவும் கொற வச்சமா? இல்ல. சொல்லப்போனா அன்னைக்கு மைக்கு எங்கையிலதேன் இருந்துச்சு. இந்து பொறந்த அன்னைக்கு அவ ஆத்தா ஆசுபத்திரியில கத்துன கத்த அப்பிடியே செஞ்சு காட்டுனேன். “ஆத்தீ… எஞ்சாமீ… இனி இந்தாளு பக்கமே போக மாட்டேஏஏன்…” பந்தல்ல ஒரு ஆளு நாக்காலியிலருந்து விழுந்துட்டான்னா நம்புவீங்களா? இந்து எந்திரிச்சு உள்ள போயிருச்சு. வெக்கம்.

அப்பறந்தேன் எனக்கு ரோசன வந்துச்சு. ஆகா, இதுதானா விசயம்ன்டு. போன ஆடி மாசம் சம்மந்திக்குக் கண்ணு ஆப்ரேசன். நான் போயிப் பாக்கல. பஸ்ஸ ஆர்டிஓ ஆபீசுல கொண்டு போயி எப்சி காட்டுற சோலி, போக முடியல. போன்ல கேட்டேன். போன்ல கேட்டா அது சேத்தியா? நம்ம பக்கம் ஒரு ஆளு ஆசுபத்திரியில படுத்திருந்தா நேர்ல போயி, ரொட்டியும் ஆரஞ்சும் வச்சு, கட்டில்ல உக்காந்து, “எப்பிடி இளைச்சுப் போனீக”ன்டு ஒரு வார்த்த சொல்லணும். மொகத்தக் காட்டணும். காட்டலன்னா அத ஏழு தலமொறைக்கு மனசுல வச்சுக்கிருவாங்க. எங்க பெரியப்பா தெக்குத் தெரு ஆளுகளோட பேச்ச விட்டதே அப்பிடித்தேன். பாம்பு கடிச்சவரப் பாக்க வரலன்டு.

சரி, அப்ப நான் அவரப் பாக்கப் போனாத்தேன் எம் மக வீடு வந்து சேருவா. ஆனா சும்மா இருக்குற மனுசன எப்பிடி ஆசுபத்திரியில போயிப் பாக்க? காத்திருந்தேன்.

என்னய்யா மொறைக்கிற? அவருக்குக் காய்ச்சல் வரணும்ன்டு நான் வேண்டல. வந்துச்சு. வந்த சேதி கேட்டதும் ரொட்டி வாங்கிட்டேன், அம்புட்டுத்தேன்.

கெளம்பயில இந்துவுக்குப் போனப் போட்டேன். அது என்னா சொல்லுச்சு தெரியுமா? “அப்ப்பா… யாரையும் உள்ள விடலப்பா. ஒட்டுற காய்ச்சலாம்ப்பா. நீங்க போகாதீங்கப்பா… போன்ல ஒரு வார்த்த கேட்டாப் போதும்ப்பா.” அழுகுற மாதிரி இழுத்து இழுத்துப் பேசுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சின்னதுலருந்தே அப்பிடித்தேன் இழுக்கும். நானும் திருப்பி, “அப்ப்பா… போகாதீங்கப்ப்பா”ன்டு அதே இழுவையில சொன்னேன். டக்குன்டு கட்டாயிருச்சு. டவர் கெடைக்கல போல.

வந்து பாத்தா வாசல்ல எங்க மாப்ள நிக்கிறாரு. அவருதேன் அப்பனுக்குத் தொணையா உள்ள போகப் போறாரு. பையில துணி, பிளாஸ்க்கு, உள்ள போற பாசு எல்லாத்தோடயும் வரிசையில நிக்கிறாரு. நான் போனேன். “மாப்ள, அந்தப் பாசக் குடுங்க. அஞ்சு நிமிசத்துல மொகத்தக் காட்டிட்டு வந்துர்றேன். அப்பறம் நீங்க உள்ள போங்க.” அவரு, “இல்ல மாமா, உள்ள போனா…”ன்டு ஆரம்பிச்சாரு. மாப்ளைய முழுசாப் பேச விட்டா மரியாதையில்ல. பாச வாங்கிட்டேன்.

வாட்ச்மேனு மிலிட்டரிக்காரரு. “பேரு?” “ஒச்சப்பன்.” “ஒறவு?” “சம்மந்தி.” நிமுந்து பாத்தாரு. எழுதுனாரு. கையில மருந்தப் பீச்சுனாரு. மாஸ்க்கக் குடுத்தாரு. கம்பிக் கதவத் தொறந்தாரு. நான் உள்ள வந்தேன். கதவு பின்னாடி டங்குன்டு விழுந்துச்சு. அந்தச் சத்தத்தச் செஞ்சு காட்டவா? வேணாம், அத நீங்களே இப்பத்தேன் கேட்டீங்க.

உள்ள வந்து அவரு கட்டில்கிட்ட நிக்கிறேன். மூக்குல குழாய வச்சுக் காத்து ஏத்திக்கிட்டிருக்காங்க. பாக்குறாரு, அடையாளந் தெரியல. எப்பிடித் தெரியும்? மூஞ்சியில முக்காவாசி மாஸ்க்கு. நான் யாருன்டே தெரியலன்னா நான் வந்தது கணக்குல வருமா? நாளைக்கு வரவே இல்லம்பாரு. அதனால கிட்டக்கப் போயி, குனிஞ்சு, மாஸ்க்க இந்தா இப்பிடித் தாடைக்கு எறக்கி விட்டுட்டு, “சம்மந்தீ! நாந்தேன்! ஒச்சப்பன்! நேர்லயே வந்துட்டேன்!”ன்டு சொன்னேன்.

அவரு இருமுனாரு பாருங்க. மூஞ்சிக்கு நேரா.

இதுக்கும் சட்டம் இருக்குய்யா, கேட்டுக்கங்க. மாஸ்க்கு மூக்கையும் வாயையும் சேத்து மூடணும், ரெண்டையும். தாடைக்குப் போடுறதுக்கு அது ஒண்ணும் கோமணமில்ல. இத நான் சொல்லல, சிஸ்டரு சொன்னது; இல்ல, கோமணம் நாஞ் சொன்னது. இருமுறதா இருந்தா முழங்கைய மடக்கி அதுக்குள்ள இருமணும். கட்டில்ல உக்காரக் கூடாது. ரொட்டி ஆரஞ்சு ஒண்ணும் கொண்டாரக் கூடாது. ஒரு தம்ளர்ல ரெண்டு பேரு குடிக்கக் கூடாது. நான் வந்த ரெண்டாவது நிமிசத்துல இதுல ரெண்டு சட்டத்த ஒடச்சுட்டேன்.

சிஸ்டரு ஓடி வந்துச்சு. “எதுக்கு மாஸ்க்க இறக்குனீங்க? ஆரு நீங்க?” நான், “மொகத்தக் காட்ட வந்தேம்மா. காட்டிட்டேன். போயிட்டு வாரேன்.” “எங்க போறிய? நோட்டுல ஒங்க பேருல்லா இருக்கு. இனி பத்து நாளைக்கு நீங்கதான் இவருக்கு ஆளு.”

கதவுகிட்ட ஓடுனேன். மாப்ள அந்தப் பக்கம் நிக்கிறாரு, பையோட. கம்பி வழியாப் பையக் குடுத்தாரு. அவருக்கு எடுத்து வச்ச துணிதேன் இப்ப நான் போட்டிருக்கது. இந்தா, பாருங்க, எலாஸ்டிக்கு எனக்குப் பத்தல.

பொண்டாட்டிக்குப் போனப் போட்டேன். “ஏய், உள்ள மாட்டிக்கிட்டேன்டி. பத்து நாளைக்கு வெளிய விட மாட்டாங்களாம்.” “பத்து நாளா?” “ஆமா.” “நல்லா இருந்து பாத்துட்டே வாங்க.” பாவம், தாங்கிக்கிட்டா. டிரைவரு கூப்புட்டான். “அண்ணே, பஸ்ஸு அமைதியா இருக்குண்ணே”ங்குறான். ஆளில்லாம ஏங்கிப் போயிருக்காங்க.

அப்பறம் பட்ட பாடு. நீங்களே சொல்லுங்க, சம்மந்தின்னா யாரு? எம் மக வாக்கப்பட்ட வீட்டு மனுசன். அவரு முன்னாடி நான் கைலிய மடிச்சுக் கட்டுனதில்ல. ஒரே பாயில உக்காந்ததில்ல. அவருக்கு நான் ஒண்ணுக்குப் பாட்டில் பிடிக்கணும்! அவருக்கும் அதே கூச்சம். சொவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. காலையிலருந்து மத்தியானம் வரைக்கும் அடக்கிட்டே கெடந்தாரு. எனக்கு மனசு கேக்கல. கூச்சத்த எடுத்து விடுவம்ன்டு பாட்டிலக் கையில பிடிச்சுக்கிட்டு, மினிபஸ் விசிலு அடிச்சேன். “ரை… ரை… போலாம் போலாம், ஸ்டாப்பிங் இல்ல, நேரா போலாம்!”

வார்டே சிரிச்சுச்சு. எட்டாம் நம்பர் கட்டில்ல காத்து ஏத்திக்கிட்டிருந்த ஆளு மாஸ்க்குக்குள்ள சிரிச்சாரு, ஆவி அடிச்சிருச்சு. இவரு சிரிக்கல. மூக்குல இருந்த குழாயப் பிடுங்கிப் போட்டாரு, எந்திரிச்சாரு, சொவத்தப் பிடிச்சுக்கிட்டே கக்கூசுக்குப் போயிட்டாரு. பாதி வழியில மூச்சு முட்டி உக்காந்துட்டாரு. சின்ன டாக்டரு வந்து, “ஹூ அலவ்டு திஸ்? ஸாச்சுரேஷன் எய்ட்டி ஃபோர்!”ன்டு குதிச்சாரு. ரத்தத்துல காத்துக் கொறஞ்சு போச்சாம். அதுக்கும் எனக்குத்தேன் ஏச்சு. சிரிக்க வைக்கிறது ஒரு குத்தமா?

இந்தா தாயி, பச்சச் சேல, இதையும் கேட்டுக்க. அடுத்த கட்டிலுக்கு ஆளு பாக்கப் போகாத. எல்லாரும் நம்ம சனந்தான்டு நெனப்பு வரும். எனக்கும் வந்துச்சு. மொத மூணு நாளும் கட்டிலுக்குக் கட்டிலு போயி ஒரு ஆட்டம் போட்டேன். டாக்டரு மாதிரி, வாட்ச்மேனு மாதிரி, மைக்குல ரிக்கார்டு போடுவாங்கல்ல, “கைகளை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவவும்”ன்டு ஒரு பொம்பள, அந்த மாதிரி. நாலாம் நம்பர்ல ஒரு ஆத்தா. அதோட இருமலு தனி இருமலு. மொதல்ல விசிலு, அப்பறம் ஆட்டுக்குட்டி, கடைசியில மோட்டாரு நிக்கிற மாதிரி. அதச் செஞ்சேன்னா அந்த ஆத்தாளே சிரிக்கும். சிரிச்சு இன்னும் இருமும். மூணாம் நாளு காலையில அதத் தள்ளு வண்டியில பெரிய வார்டுக்குக் கொண்டு போனாங்க. சாயந்தரம் கட்டில்ல விரிப்ப மாத்திட்டாங்க.

அதுக்கப்பறம் அந்த இருமல நான் செய்யல. ஒருக்கா செஞ்சேன். அதுவும் எட்டாம் நம்பரு கேட்டாருன்டுதேன்.

நாலாம் நாளு எனக்கே காய்ச்சல் அடிச்சிருச்சு. தெரிஞ்ச விசயந்தேன, மூஞ்சிக்கு நேரா வாங்குனவன்தேன. ஒடம்பெல்லாம் உலக்கையால இடிச்ச மாதிரி. சம்மந்திக்கு அடுத்த கட்டில்ல என்னயும் போட்டாங்க. காய்ச்சலக்கூடத் தாங்கிக்கிட்டேன். தொண்ட போயிருச்சுய்யா. வாயத் தொறந்தா காத்துத்தேன் வருது. ரெண்டு நாளு. பொறந்ததுலருந்து நான் அப்பிடிக் கெடந்ததில்ல. மேல காத்தாடி சுத்துது, மருந்து சொட்டுது, கதவு பூட்டிக் கெடக்கு, பேசவும் முடியல. கத்தித் தொலைக்கலாம்ன்டா கத்தவும் முடியல. நெஞ்ச யாரோ மிதிக்கிற மாதிரி. ஒரு நேரம் எனக்கு, இனிமே நம்ம வெளியவே போக மாட்டமோன்டு வந்துருச்சு. அப்பக் கண்ணுல தண்ணி நிக்குது, தொடைக்கக் கை வரல.

அந்நேரம் இந்த மனுசந்தேன் எந்திரிச்சு வந்தாரு. அவருக்கே அப்பத்தேன் குழாய எடுத்திருந்தாங்க. என் தலைமாட்டுல ஸ்டூலப் போட்டு உக்காந்தாரு. மூஞ்சியத் தொடச்சு விட்டாரு. கஞ்சிய ஆத்தி ஆத்தி ஸ்பூன்ல ஊட்டுனாரு. பாட்டிலும் பிடிச்சாரு, ஆமா. மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டுப் பிடிச்சாரு. ரெண்டு நாளும் ரெண்டே வார்த்த. “குடிங்க.” “படுங்க.” சொல்லக் கூடாது, பெத்த அப்பன்கூட எனக்கு அப்பிடிச் செஞ்சதில்ல.

தொண்ட தொறந்த அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசத்துக்கு மொதக் காரியமா என்னா செஞ்சேன்? கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து, வார்டு பூராம் கேக்குற மாதிரி, “ம்க்கும்… குடிங்க. ம்க்கும்… படுங்க.” அச்சு அசலு அவரேதேன்! சிஸ்டரே திரும்பிப் பாத்துச்சு, இவருதேன் பேசுறாருன்டு.

அன்னையிலருந்து அந்த ரெண்டு வார்த்தையும் போச்சு. கனைக்கிறதக்கூட நிப்பாட்டிட்டாரு. என்னா கோவம்ன்டே தெரியல.

இன்னொண்ணு கேளுங்க. எங்கிட்டத்தேன் இப்பிடி. தெனமும் பத்து மணிக்கு எம் மக அவருக்குப் போன் போடுது. எனக்கில்ல, அவருக்கு! இவரு போன எடுத்துக்கிட்டு அந்த ஜன்னலோரம் போயிருவாரு. அர மணி நேரம், சில நாளு முக்கா மணி நேரம். அந்தப் பிள்ள என்னத்தச் சொல்லுமோ, இவரு கேட்டுக்கிட்டே நிப்பாரு. நானும் கூட்டுற மாதிரி வெளக்கமாத்த எடுத்துட்டுப் பக்கத்துல போயிப் பாத்தேன். “ம். பயப்படாத. ம். அழுகணும்ன்டா அழுதுரும்மா, நான் கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன்.” இதத்தேன் கேட்டேன். எம் மகள அழுக விடுறாருய்யா! எனக்குப் போட்டா ரெண்டே நிமிசம். “சாப்ட்டீங்களாப்பா, மாத்திர போட்டீங்களாப்பா, வைக்கிறேன்ப்பா.” பிள்ள மனச எம்பக்கம் திரும்ப விடாம அங்கனயே பிடிச்சு வச்சிருக்காரு. இல்லன்னா பெத்த அப்பன்கிட்டப் பேசாம மாமனார்கிட்ட என்னா முக்கா மணி நேரம்?

சரி, இப்ப விசயத்துக்கு வாரேன். ஒங்கள உக்கார வச்சதே இதுக்குத்தேன். சட்டமெல்லாம் போர்டுல இருக்கு, போயிப் படிச்சுக்கங்க. இன்னைக்கு அவருக்கு டிஸ்சார்ஜு. மாப்ள வண்டி எடுத்துட்டு வந்துக்கிட்டிருக்காரு. இவரு போயிருவாரு. எனக்கு இன்னும் மூணு நாளு இருக்காம், காய்ச்சல் விட்ட நாள்லருந்து எண்ணுற கணக்கு. எம் மகளுக்கு நாளு நெருங்கிருச்சு, இன்னும் இருவது நாளுதேன். பிள்ளத்தாச்சி இந்தக் காய்ச்சல் பக்கம் வரவே கூடாதுங்குறாங்க, அதுவும் சட்டந்தேன், பச்சச் சேல, வயித்துப் பிள்ளக்காரி யாரும் பாக்க வாரேன்னா வேணாம்ன்டு சொல்லிரு. நான் வீட்டுக்குப் போயி, தனியா இருந்து, வீட்டக் கழுவி, மொளகாப் பொடி அரைச்சு, தொட்டிலுக்குக் கம்பு கட்டி, அவளக் கூப்புட்டு வரணும். இவரு ஒரு வார்த்த “சரி”ன்னாத்தேன் அதெல்லாம். இவரு இந்தக் கதவத் தாண்டிட்டாருன்னா அப்பறம் நான் எங்க போயிக் கேக்க? போன் போட்டா எடுக்க மாட்டாரு.

ஏழு பேரு இருக்கீங்க. நாலு ஊரு ஆளுக. நெனச்சா இதுவும் ஒரு பஞ்சாயத்துத்தேன். நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. ஒரு மனுசனப் பாக்க வந்து, அதுக்காக உசுரக் குடுத்து, ஒம்போது நாளு கம்பிக்குள்ள கெடந்து, அவரு காய்ச்சலையே வாங்கிப் படுத்தவன். கண்ணு ஆப்ரேசனுக்கு வராத கொறைக்கு இது பத்தாதா? இன்னும் எத்தன நாளைக்குப் பிள்ளைய அங்கனயே பிடிச்சு வைக்கிறது? கேளுங்கப்பா. பெரியவரே, நீங்க கேளுங்க. நீல சட்ட, நீயும் கேளு.

அந்தா, எந்திரிச்சுட்டாரு. கைலிய மாத்திட்டாரு, பையத் தூக்கிட்டாரு. வாங்க சம்மந்தி, வாங்க. எல்லாரும் இருக்காங்க. மாஸ்க்கு சரியா இருக்கு, நானும் தள்ளித்தேன் நிக்கிறேன். எம் பிள்ளைய எப்ப அனுப்புறீங்க? இவங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.

பாத்துக்கிட்டே இருங்கப்பா, இப்ப என்னா சொல்லுவாருன்டு நான் சொல்றேன். “ம்க்கும். அப்பறமா அனுப்புறோம். ம்க்கும். பாப்போம்.”

இந்தா, சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க. வாயத் தொறக்குறாரு. பேச்ச நிப்பாட்டுங்க. சொல்லுங்க சம்மந்தி.

“அனுப்ப மாட்டேன்டு நான் என்னைக்குச் சொன்னேன் சம்மந்தி? வளைகாப்பு அன்னைக்குக் காலையிலயே அந்தப் பிள்ள பெட்டியக் கட்டி வாசல்ல கொண்டாந்து வச்சவன் நான். ‘நான் போகல மாமா, அங்க நான் வலியில கத்துனா மறுநாளு எங்கப்பா மினிபஸ்ஸுல அதச் செஞ்சு காட்டுவாரு’ன்டு சொல்லி அந்தப் பிள்ளதேன் பெட்டிய உள்ள தூக்கிட்டுப் போச்சு.”